நாலாம் நிரல்

உப்புவெளியில் ஒரு விடுதி. இரவு முறைக்கு நான்.
பதிவேட்டில் நாலாம் நிரல்: நாடு.

வந்தவர் மேசையில் வைத்தது
மஞ்சள் அட்டைப் புத்தகம். கடவுச்சீட்டு அல்ல.
கடவுச்சீட்டு இல்லாதவருக்கு
இந்தியா கொடுக்கிற கடதாசி.
பெயர் ரிக்சின். பிறந்தது பைலகுப்பே.
"ரூம் எவ்ளோண்ணா?" என்றார்
மதுரைத் தமிழில்.
பன்னிரண்டு மார்கழி அங்கே நடைபாதையில்
கம்பளிச்சட்டை விற்றாராம்.
வியர்க்கிற ஊரில் ஆர் வாங்கினது?
"கொழந்தைக்குன்னு வாங்குவாங்க."

மடத்துக்குச் சங்கு வாங்க வந்தவர்.
கடல் காணாத மேட்டில்
விடியலுக்குச் சங்குதான் ஊதுகிறார்களாம்,
எத்தனையோ தலைமுறையாய்.
எந்தக் கடலென்று ஒருவரும் கேட்டதில்லை.

கணினியில் நாடுகள் அகரவரிசையில் இறங்கின.
தாய்லாந்து. தான்சானியா.
அதன் கீழே துருக்கி.
இரண்டுக்கும் நடுவில்
விரல் கொஞ்சநேரம் நின்றது.

இரண்டாம் நாள் சல்லியில் ஒன்று வாங்கிவந்தார்.
இடம்புரிதான். நாலாயிரத்து ஐந்நூறு.
ஏமாற்றிவிட்டார்கள். நான் சொல்லவில்லை.

அன்றிரவு தேத்தண்ணிக்கு நாலு பேர்.
"தனி நாடெல்லாம் இப்பக் கேக்கலண்ணா.
எங்க மொழியில பள்ளிக்கூடம், எங்க மடம்.
அதுக்கே நாட்டைப் பிரிக்கிறோம்னு சொல்றாங்க."
வாசல் காவல் விமலசேன, கந்தளாய்க்காரன்.
பணப்பைக்குள் தம்பியின் படம், சீருடையில்.
"அறைக்கு அறை பூட்டுப் போட்டா
வீடு எங்க?" என்றான்.
"பூட்டு இல்லாத அறையில
ஒரு ராத்திரி தூங்கிப் பாருங்க."
சமையல் நவ்பர் சட்டியைக் கழுவியபடி:
"சேக்கக்குள்ளயும் எங்களக் கேக்கல்ல,
பிரிக்கக்குள்ளயும் கேக்கல்ல."
அது வேறு கதை என்றேன். அவன் சிரித்தான்.
ஒருவரும் என் இடுப்பைப் பார்க்கவில்லை.
எல்லா அறைக்கும் பொருந்துகிற சாவி
அங்கேதான் தொங்கியது.

பதினொரு மணிக்குத் தொலைபேசி.
நாளை துறைமுகம் பார்க்க ஒரு குழு வருகுதாம்.
எந்த நாட்டுக் குழுவென்று சொல்லவில்லை,
நானும் கேட்கவில்லை.
"உங்களிடம் தங்கியிருக்கிற ஆள் எந்த நாடு?"
சொன்னேன்.
"அப்படி ஒரு நாடு இல்லையே, ஐயா."
கோபமில்லை. படிவம் சரிபார்க்கிற குரல்.

அந்தக் குரலை எனக்குத் தெரியும்.
மாகாண சபையில் பத்தொன்பது வருடம்
அது என் தொண்டையில் இருந்தது.
வடக்கையும் கிழக்கையும் நீதிமன்றம் பிரித்தபோது
முத்திரைகளை எண்ணி, கையொப்பமிட்டு
ஒப்படைத்தவன் நான். பதினாலு.
பழைய கடிதத்தோடு வந்தவர்களைக்
கண்ணாடிக்கு மேலால் பார்த்து,
"இப்படி ஒரு மாகாணம் இப்ப இல்லை" என்பேன்.
சம்பூரில் இருந்து வந்த பெண் ஒருத்தி
"அப்ப நான் எங்க இருந்து வாறன்?" என்றாள்.
சாப்பாட்டு நேரம்.
அடுத்தவரைக் கூப்பிட்டேன்.

மூன்றரைக்கு ரிக்சின் கரையில் நின்று
ஒரேயொருமுறை ஊதிப் பார்த்தார்.
நாய்கள் குரைத்தன.
கடற்படைக் காவலரணின் வெளிச்சம்
மெல்லத் திரும்பி
அவர் முழங்காலில் நின்றது.
பிறகு சங்கைத் துவாயில் சுற்றி
முதல் பஸ்ஸுக்கு நடந்தார்.

நாலாம் நிரலில் அவரே எழுதியிருந்தார்.
மேலே கோடு,
கோட்டிலிருந்து தொங்கும் எழுத்துகள்,
கொடியில் காயப்போட்டதுபோல.

எட்டு மணிக்கு ஒருவர் சாதாரண உடையில்.
"இது என்ன?"
"கையொப்பம், சேர்."
"கையொப்பம் ஏழாம் நிரலில் அல்லவா?"
"மாறிப் போட்டிட்டார்."

நம்பவில்லை. படமெடுத்துக்கொண்டு போனார்.
கணினியில் அந்தக் கட்டம்
இன்னும் சிவப்பாய் மினுங்குகிறது,
நிரப்பாமல்
அடுத்த பக்கம் போக விடாதாம்.